ஏழடி நிழல்

பஞ்சம்மாள் வீட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ஓடைப்பட்டியில் அந்தக் காலத்தில் ஒரு தாழ்ப்பாள் உள்ள வீடே கொஞ்சம்தான். எதற்கு இரண்டு என்று கேட்டால், "ஒண்ணு கள்ளனுக்கு, ஒண்ணு சொந்தக்காரனுக்கு" என்பாள். கேலியாகச் சொல்கிறாள் என்று சிரிக்கத் தொடங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் புருஷன் முத்துக்கருப்பன் இறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் ஆள் இல்லை. பஞ்சம்மாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிள்ளை கிடையாது. மூன்று குறுக்கம் தோட்டம், ஒரு ஜோடி மாடு, ஒரு கிணற்றில் பாதி, இவ்வளவும் அவள் தலையில் விழுந்தன. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அழுத கண்ணோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கூடப்பிறந்த அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டி, "பேரு மாத்துறதுக்குத்தான் ஆத்தா, இங்கன ஒரு கைநாட்டு வையி" என்றான். அவள் அதை எழுத்துத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னாள். தோட்டம் அண்ணனுக்குப் போவதாக அதில் எழுதியிருந்தது. அன்று போன அண்ணன் அதற்குப் பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை.

ஆகையால் பஞ்சம்மாளின் சந்தேகத்தை அடியோடு பழிக்க முடியாது. முதல் தடவை பட்ட சந்தேகமே சரியாகப் போய்விட்டது, அதுதான் வினை. அதற்குப் பிறகு அது அந்த வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. யார் வந்தாலும் முதலில் எழுந்து வாசலுக்கு வந்தது அதுதான்.

பக்கத்துத் தோட்டக்காரன் பேச்சிமுத்து, முத்துக்கருப்பனுக்குச் சித்தப்பா மகன். அவன் மனைவி பவுனு ஒரு நாள் சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை. சோற்றில் மருந்து வைத்து மனசைத் திருப்பிவிடுகிறவர்களைப் பற்றி அவள் நிறையக் கேள்விப்பட்டிருந்தாள். குழம்பைச் சோற்றில் பிசைந்து தெருநாய்க்கு வைத்தாள். நாய் நக்கித் தின்றுவிட்டு வேலியோரம் படுத்துத் தூங்கியது. வயிறு நிறைந்த நாய் பட்டப்பகலில் வேறு என்னதான் செய்யும்? பஞ்சம்மாளுக்கு அது தோன்றவில்லை. "பாத்தியா, மயக்கம் போட்டுருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் சட்டியைக் கழுவிப் பவுனு வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

செத்தவனின் துணிமணிகளை வழக்கப்படி கொடுத்து முடித்தபோது ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை. அது அவனுடைய தோல் செருப்பு. இரட்டை அட்டை வைத்துத் தைத்தது. அவளுக்கு இரண்டு பாதத்திலும் கால் ஆணி. வெறுங்காலோடு கரட்டு மண்ணில் நடந்தால் உயிர் போகும். அதனால் போட்டுக்கொள்கிறேன் என்று ஊருக்குச் சொன்னாள். பொம்பளை, அதுவும் தாலியறுத்தவள், ஆம்பளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கிறாளே என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கால் ஆணி பொய்யில்லை. ஆனால் அந்தச் செருப்பின் சரட்டுச் சரட்டென்ற சத்தம் கேட்கும்போது வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுகிற மாதிரி அவளுக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் யாரும் இல்லை.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஓடைப்பட்டிக்கு ஆற்றுப் பாசனம் ஏது? கிணற்றில் மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்தால்தான் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர். யார் எப்போது இறைப்பது என்பதைப் பாட்டன் காலத்திலேயே பிரித்துவைத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து நிழல் ஏழடி ஆகிற வரை இளைய வீடு, அதாவது பேச்சிமுத்து. அங்கிருந்து சாயங்கால வெயிலில் நிழல் மறுபடி ஏழடிக்கு நீள்கிற வரை மூத்த வீடு, அதாவது பஞ்சம்மாள். பிறகு பொழுது அடைகிற வரை மறுபடியும் பேச்சிமுத்து. மூத்த வீட்டில் அன்றைக்கு இரண்டு ஜோடி மாடு இருந்ததாம். உச்சி வெயிலில் மாற்றி மாற்றிக் கட்டுவார்களாம். ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு வெயிலில் சாகிற பஞ்சம்மாளுக்கு அந்தப் பிரிவினையிலேயே ஏதோ சூது இருப்பதாகப் பட்டது.

நிழல் அளக்கிற வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெட்டவெளியில் நிமிர்ந்து நின்று, தலையின் நிழல் விழுகிற இடத்தை ஒரு கல்லாலோ குச்சியாலோ அடையாளம் வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து அந்த அடையாளம் வரை குதிகாலும் பெருவிரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து எண்ண வேண்டும். நெட்டையனுக்கு நிழலும் நீளம், பாதமும் நீளம். குட்டையனுக்கு இரண்டும் குட்டை. ஆகவே யார் அளந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். புருஷன் இருந்த வரை அளந்தது அவன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் "ஏழடி ஆயிருச்சு, மாட்டக் கொண்டா" என்கிற குரல் மட்டும்.

அவன் போன பிறகு முதல்முறையாக அவளே அளந்தாள். சரியாக ஏழடி. மாட்டைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போனால், பேச்சிமுத்து இன்னும் சாவகாசமாக இறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏழடி ஆயிருச்சு" என்றாள்.

"இன்னும் ஆகல மதினி. நான் இப்பத்தான் அளந்தேன்."

ஒரு நாழிகைக்கு மேல் நின்றாள். அப்புறம்தான் மாட்டை அவிழ்த்தான். சாயங்காலம் அவள் அளந்தபோது ஏழடி ஆகவில்லை. அதற்குள் அவன் மாட்டோடு வந்து நின்றான். காலையில் தாமதமாகப் போகிறான், மாலையில் முந்தி வருகிறான். இரண்டு முனையிலும் கடிக்கிறான். பஞ்சம்மாள் ஒரு மாதம் பார்த்தாள், ஒரு வருஷம் பார்த்தாள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. மழைநாளில் மட்டும் கள்ளத்தனம் இல்லை, ஏனென்றால் மழைநாளில் நிழலும் இல்லை, இறைப்பும் இல்லை.

கமலை இறைப்பது ஒரு ஆள் வேலையும் அல்ல. ஒருவர் மாட்டை ஓட்ட வேண்டும், இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்தியில் நின்று மடை திருப்ப வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் முறைக்கு ஒருவர் மடை பார்ப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். "நான் மடைக்கு நிக்கிறேன் அக்கா" என்று பவுனு வந்தாள். வேண்டாம் என்று பஞ்சம்மாள் அனுப்பிவிட்டாள். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று வேவு பார்க்க வருகிறாள் என்பது அவள் கணக்கு. பத்துச் சால் தண்ணீர் இறைப்பாள். மாட்டை நிறுத்திவிட்டு ஓடிப்போய் மடை திருப்புவாள். திரும்ப ஓடிவந்து இறைப்பாள். வரப்பு உடைந்து தண்ணீர் பாதையில் ஓடுகிற நாட்களில் மாட்டிடம் சத்தம் போடுவாள். மாட்டைத் தவிர அவளோடு பேசுகிறவர்கள் அப்போதே குறைந்துவிட்டார்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம் அவள் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினாள். ஊர்ப் பெரியதனக்காரர் மொக்கைச்சாமி இரண்டு பக்கமும் கேட்டார். ஏழடிக்கு மேல் இறைக்கிறான் என்றாள் இவள். ஏழடியில் அவிழ்க்கிறேன் என்றான் அவன். அங்கே கூடியிருந்த அத்தனை ஆம்பளைகளில் ஒருவருக்கும் ஒரு நாள் வெயிலில் வந்து நின்று பார்த்துவிடலாம் என்று தோன்றவில்லை. வெயிலில் நிற்பது கஷ்டம். சூடம் கைவசம் இருந்தது. கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், நாற்பத்தொரு நாளைக்குள் அவன் வீட்டில் கெட்டது நடக்காவிட்டால் அவன் சொன்னது மெய் என்று தீர்ப்பானது. பேச்சிமுத்து யோசிக்காமல் போய் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தான்.

முப்பத்துமூன்றாம் நாள் அவனுடைய வலத்து மாடு அடைப்பான் நோயில் செத்துப்போனது.

அதோடு முடிந்தது. பேச்சிமுத்துவுக்குத் தண்ணிக்கள்ளன் என்று பேர் விழுந்தது. கிணற்றில் அவன் முறையை ஒரு அடி குறைத்து, காலையில் நிழல் எட்டடி இருக்கும்போதே அவன் அவிழ்க்க வேண்டும் என்று ஊர் சொன்னது. அவன் அதன்படியே செய்தான். அப்போதும் பஞ்சம்மாள் அளந்து பார்த்தபோது கொஞ்சம் திருடத்தான் செய்தான்.

ஜெயித்த பிறகு பஞ்சம்மாள் என்ன சுகத்தைக் கண்டாள்? ஊரில் நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவது குறைந்தது. அடுத்தது யாரைச் சாமி வாசலுக்கு இழுப்பாளோ என்று பெண்கள் அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள். பேச்சை மாற்றுவதைப் பார்த்து, நம்மைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். அது ஒன்று மட்டும் சரி. ஒரு தைப்பொங்கலன்று பகல் முழுக்க அவள் ஒரு மனுஷ வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்து, யாராவது வந்து தட்ட மாட்டார்களா என்று ஏங்கினாள். யாராவது தட்டியிருந்தால் திறந்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

பேச்சிமுத்துவின் மகள் மலையம்மாளுக்குக் கல்யாண வயது வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பேசி முடிக்கும் முன்னால் இரண்டு பேரை விட்டு விசாரிப்பார்கள் அல்லவா? ஊருக்கு வருகிற பாதை பஞ்சம்மாள் தோட்டத்தை ஒட்டிப் போனது. இரண்டு தடவை அப்படி வந்தவர்கள் அவளிடமே விசாரித்தார்கள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. "கருப்பசாமி கோயில்ல கேட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டு இடமும் கலைந்துபோயின.

முப்பத்தேழாம் வருஷம் கடமலைக்குண்டிலிருந்து மூன்றாவது இடம் ஒன்று பேச்சில் இருந்த சமயம், பஞ்சம்மாளின் செருப்பு வார் அறுந்தது. சின்னமனூர்ச் சந்தைக்குப் போனவர்களிடம் தைக்கக் கொடுத்துவிட்டாள். அடுத்த சந்தைக்குத்தான் வரும். ஏழு நாள் வெறுங்கால். கால் ஆணி நெருப்பாக எரிய, பல்லைக் கடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

முதல் நாள் காலை நிழல் அளந்தாள். எட்டடி. தலையை நிமிர்த்தினால், பேச்சிமுத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பஞ்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷத்தில் நடக்காத சங்கதி. ஏதோ சோலி இருக்கும், அதுதான் சீக்கிரம் போகிறான் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. செருப்புச் சத்தம் இல்லாமல் வருகிறாளே, எங்கே நின்று பார்க்கிறாளோ என்று பயந்துவிட்டான் என்று நினைத்தாள். மூன்றாம் நாளும் அப்படியே. சாயங்காலமும் அவள் ஏழடி எண்ணி முடிக்கிற சமயத்துக்குத்தான் மாட்டோடு வந்தான். மகளுக்கு மாப்பிள்ளை வருகிறதே, நல்லவன் வேஷம் போடுகிறான் என்று நினைத்தாள். ஐந்தாம் நாள், என்னைக் குழப்பிப் பைத்தியமாக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அந்த ஏழு நாளும் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. திருடுகிறவனைச் சமாளிக்கிற வகை அவளுக்குத் தெரியும். திருடாதவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் செருப்பு வந்தது. போட்டுக்கொண்டு போய் அளந்தாள். எட்டடி. பேச்சிமுத்து இறைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்படி வா வழிக்கு!" என்று அவள் மனசு குதித்தது. பழைய கள்ளன் திரும்பி வந்ததில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நாலு எட்டு நடப்பதற்குள் நின்றுபோனது. செருப்புப் போட்ட நாளில் திருடுகிறான், போடாத நாளில் திருடவில்லை. எந்தக் கள்ளன் அடுத்தவள் காலைப் பார்த்துத் திருடுவான்?

பஞ்சம்மாள் வெயிலிலேயே நின்றாள். மெதுவாக ஒரு செருப்பைக் கழற்றி மண்ணில் வைத்து, பக்கத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்தாள். செருப்பு நாலு விரற்கடை கூடுதல் நீளம். நிழல் அவளுடையது; அளந்த பாதம் செத்துப்போனவனுடையது. அடி நீண்டதால் எண்ணிக்கை குறைந்தது; காலையில் முந்திக் கிணற்றுக்குப் போனதும் சாயங்காலம் பிந்தி எண்ணி முடித்ததும் அவள்தான். அவன் வரப்பில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு வருவான், வெறுங்காலோடுதான் அளப்பான் என்பது அவளுக்கு அப்போதுதான் கண்முன் வந்தது.

அன்று அவள் இறைக்கவில்லை. மாட்டைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிவந்து கட்டிவிட்டு, பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பு ஒன்றுதானா என்று அவளுக்கு யோசனை ஓடியது. அந்தக் கருவாட்டுக் குழம்பு? நாய் அதற்குப் பிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்து ஊரெல்லாம் குட்டி போட்டது. மடைக்கு நிற்கிறேன் என்று பவுனு வந்தது? கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் வந்தபோது அவள் குரலில் என்ன இருந்தது? ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தாள். அண்ணன் காகிதம் மட்டும் அண்ணன் காகிதமாகவே இருந்தது. மற்றது எல்லாவற்றையும் அந்த ஒரு காகிதத்தை வைத்தே அளந்துவிட்டோம் என்று தோன்றியபோது அவளுக்கு உடம்பு கூசியது. மலையம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். பிறகு, கேட்டால் கேட்கட்டும் என்று எடுத்துவிட்டாள்.

இது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கடமலைக்குண்டு ஆட்கள் விசாரிக்க வருவார்கள். அவளிடம் கேட்காவிட்டாலும் ஊரில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் தண்ணிக்கள்ளன் மகள் என்று சொல்லிவிடும். சொல்லிவிட்டாலோ, ஊர் காறித் துப்பும். இப்போது பயந்தாவது ஒதுங்குகிறார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள். இரண்டு பகல் தவித்தாள். மூன்றாம் நாள் காலை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலால் நொண்டியபடி மொக்கைச்சாமி வீட்டுக்குப் போனாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "ஏத்தா, உன்ன யாரும் மெரட்டினாகளா?"

"இல்ல மாமா."

"பேச்சிமுத்து வீட்டுல எதுவும் தாரேன்னாகளா?"

"அவுக என்கூடப் பேசி ஆறு வருசமாச்சு."

அவர் நம்பவில்லை. ஆள்விட்டு ஊரைக் கூட்டினார். ஊரும் நம்பவில்லை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, ஆறு வருஷம் கள்ளன் என்றவள் மாப்பிள்ளை வருகிற நேரம் பார்த்து நல்லவன் என்கிறாளே, தோட்டத்தைச் சேர்த்து எழுதிக்கொள்ளப் போகிறாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரையும் நம்பாதவளை ஒருவரும் நம்பாமல் போனது பஞ்சம்மாளுக்கு உறைத்தது. பவுனு கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் இருந்த சந்தேகத்தைப் பஞ்சம்மாள் உடனே கண்டுகொண்டாள். தன் கண்ணையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்ப நீ சொல்றது மெய்னா, மாடு செத்துச்சே, அது எப்பிடி? கருப்பன் பொய் சொல்லுமா?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"கருப்பன் ஒண்ணுமே சொல்லல மாமா. மாடு செத்துச்சு. சொன்னது நாமதான்." பஞ்சம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அந்த வருசம் ஓடைப்பட்டியில பதினோரு மாடு அடைப்பான்ல செத்துச்சு. அம்புட்டுப் பேரும் தண்ணியவா திருடுனாக?"

பதினொன்றில் இரண்டு மாடு மொக்கைச்சாமியுடையது.

"எல்லாரும் வெயில்ல வாங்க. நான் சொல்றத நம்ப வேணாம். உங்க காலால அளங்க."

கோயில் பொட்டலில் காலை வெயில் நன்றாக விழுந்திருந்தது. முதலில் மொக்கைச்சாமி அளந்தார். ஏழு. நெட்டையான பேச்சிமுத்து அளந்தான். ஏழு. கட்டையான ஒருத்தி அளந்து ஏழேகால் என்றாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் அங்கங்கே நின்று குனிந்து தங்கள் தங்கள் நிழலை எண்ணத் தொடங்கினார்கள். பிறகு பஞ்சம்மாள் வெறுங்காலோடு அளந்தாள். ஏழு. அதே இடத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு அளந்தாள். ஐந்து வைத்ததும் அடையாளக் குச்சி கால்மாட்டில் இருந்தது.

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் பொட்டல் முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்புக்குத்தான் அவள் இரண்டு நாள் நடுங்கினாள். வந்த பிறகு பார்த்தால், அதற்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைவிட்டு ஒதுங்கவில்லை. "எக்கா, பத்து வருசமா செத்த மனுசன் காலையா வச்சு அளந்தீக!" என்று ஒருத்தி அவள் தோளைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். ஒரு கை தன் மேல் பட்டு எத்தனை வருஷமாயிற்று என்று பஞ்சம்மாள் நினைத்துப் பார்த்தாள்.

பேச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மாடு செத்தப்ப நானே நெனைச்சேன் மதினி, நம்ம கணக்குத்தான் தப்போன்னு" என்றான். "ஆறு வருசமா தெனமும் ரெண்டு தடவ அளந்துட்டுத்தான் மாட்ட அவுத்தேன். அப்பயும் நம்ம மேல நமக்கே நம்பிக்கை வரல."

பஞ்சம்மாள் அவனிடம் போனாள். அவன் முன்னால் உட்கார்ந்தாள். சொந்தபந்தம், முறை எல்லாம் மறந்து இரண்டு கையையும் கூப்பினாள். அவன் பதறி எழுந்து விலகினான். "வேணாம் மதினி, நீங்க மூத்தவுக" என்றான். அந்த இடத்திலேயே மொக்கைச்சாமி, எட்டடியை எடுத்துவிட்டுப் பழையபடி ஏழடி முறையே நிற்கட்டும் என்று சொன்னார். அதுவரை ஓரமாக நின்ற பவுனு வந்து செருப்பை வாங்கினாள். தன் காலில் போட்டுக்கொண்டு, தன் நிழலைத் தானே ஒரு தடவை அளந்து பார்த்தாள். ஐந்தேகாலுக்கு மேல் போகவில்லை. செருப்பைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஏழடிக்குப் பஞ்சம்மாள் மாட்டைக் கட்டியபோது மண்வெட்டியோடு பவுனு வந்து பாத்தியில் நின்றாள்.

"நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டாள் பஞ்சம்மாள். பழக்கதோஷம், குரலில் முள் இருந்தது.

"உங்கள நம்பி ஒண்ணும் வரல. நாளைக்கு வேற எதையாச்சும் வச்சு அளந்துட்டு வந்து நிப்பீக. கிட்ட இருந்து பாத்துக்கிடணும்ல?"

பஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவுனு சிரிக்கவில்லை, மடையைத் திருப்பினாள். அன்று வரப்பு உடையவில்லை. பாத்தி நிறைந்ததும் "நெறஞ்சிருச்சு" என்று அங்கிருந்து சத்தம் வந்தது, மாட்டைக் கொஞ்சம் நிறுத்தினாள், "விடுங்க" என்று மறுபடி சத்தம் வந்தது, ஓட்டினாள். இரண்டே சொல்தான். நாள் முழுக்க அதுவே பேச்சு. மூன்றாம் நாள் பவுனு தூக்குச்சட்டியில் கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். பஞ்சம்மாள் வாங்கிக் குடித்தாள். முதல் வாய் விழுங்கும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் கடைசிவரை அவளுக்கு அந்தப் பயம் முழுசாகப் போகவே இல்லை. பயத்தோடு குடித்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை உச்சி சாய்கிற நேரம், பாதையில் இரண்டு பேர் வந்தார்கள். வேற்றூர் முகம். ஒரு பெரியவர், கூட ஒரு நடுவயது அம்மாள். தோட்டத்து ஓரமாக நின்றார்கள். பஞ்சம்மாளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் எதிரில் தான் நிற்கக் கூடாது என்று மாட்டோடு உள்ளே திரும்பினாள். அந்த அம்மாள் விடவில்லை.

"ஆத்தா, கடமலைக்குண்டுல இருந்து வாரோம். இங்கன பேச்சிமுத்துன்னு ஒருத்தக. அவுக குடும்பம் எப்பிடி? ஏதோ தண்ணித் தாவா, சாமி சத்தியம்னு காதுல விழுந்துச்சு."

பஞ்சம்மாள் மாட்டை நிறுத்தினாள். மிளகாய்ப் பாத்தியில் முழங்கால் வரை சேற்றோடு நின்ற பவுனு அசையாமல் நின்றாள். மண்வெட்டிப் பிடியை அவள் இறுக்கிப் பிடித்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டு தடவை இதே இடத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். மடை உடைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் குனியவில்லை.

"சத்தியம் பண்ண வச்சது நான்தான்" என்றாள் பஞ்சம்மாள். "அவுக மேல ஒரு தப்பும் கெடையாது. அளந்த எங்கிட்டத்தான் தப்பு. ஊரக் கூட்டிச் சொல்லிட்டேன், உள்ள போயி யார வேணாலும் கேளுங்க."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒருத்தி தன்னையே காட்டிக்கொடுப்பாளா என்கிற சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது. "நீங்க பக்கத்துத் தோட்டக்காரவுகளா?"

"இல்ல. அந்தா மடையில நிக்கிறாளே, அவ பொண்ணோட ஆத்தா." பஞ்சம்மாள் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நான் பொண்ணுக்குப் பெரியம்மா."

பவுனு மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவர்களை வாங்க என்று கேட்டு வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர்கள் முன்னால் நடந்தார்கள். பஞ்சம்மாள் கமலையடியிலேயே நின்றாள்.

"நீங்களும் வாங்க" என்றாள் பவுனு.

"நான் எதுக்குடி நல்ல காரியத்துல? நான் அங்கன வரக் கூடாது."

"பெரியம்மான்னு வாயால சொல்லிட்டு, வந்தவுகளுக்கு யாரு தண்ணி மோந்து குடுப்பா? எனக்கு ரெண்டு கைதான இருக்கு. வாங்கக்கா."

பஞ்சம்மாள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அவளோடு போனாள்.